இன்னும் ஒரு சாமான் பாக்கி

எந்த வேலையானாலும் தொடங்கும் முன் அவர் தரையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். வேண்டிய சாமான்களை எல்லாம் அதன்மேல் வரிசையாக எடுத்து வைப்பார். மீன் குழம்பு என்றால் கரைத்த புளி, மல்லித்தூள், உரித்த வெங்காயம், தக்காளி, கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மிக்ஸி பழுது என்றால் ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், புது கார்பன், ஒரு சின்ன டப்பாவில் கிரீஸ். எல்லாம் வந்த பிறகு விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார். ஒன்று குறைந்தாலும் கை வைக்க மாட்டார்.

“இன்னும் ஒரு சாமான் பாக்கி தம்பி. அது வரட்டும், ஆரம்பிச்சிரலாம்.”

கறிவேப்பிலை இல்லை என்பதற்காகக் கழுவிய மீனை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டவர் அவர். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பதற்காகப் புதுக்கோட்டையில் ஒரு மாடியில் அறை எடுத்திருந்தேன். அதே மாடியின் இன்னொரு பாதியில் அவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். பெயர் எழுதப் போவதில்லை. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். ஆவூர்ப் பக்கத்து ஆள். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்து, சம்பளம் தராத முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் தப்பி வந்தவர். அப்படி வந்துவிட்டவர் அந்த நாட்டுக்குள் மறுபடி நுழைய முடியாது. அவர் மனைவி நர்ஸ். மனைவிக்கு வேலை கிடைத்ததும் அதே குவைத்தில்தான். பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்த வாரத்தில் அந்த அக்கா விமானம் ஏறினார். நான் குடிவந்தபோது பாப்பாவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது.

அவருடைய உலகம் மாடிப்படியோடு முடிந்துவிடும். பாப்பா உருண்டு விழாமலிருக்க, படியின் உச்சியில் ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். அவருடைய ஒரு கை எப்போதும் பாப்பாவிடம் இருந்தது. பழுதான மிக்ஸியும் டேபிள் ஃபேனும் மேலே வரும், சரியாகிக் கீழே போகும். அவசியம் இல்லாமல் அவர் போக மாட்டார். டீக்கடையில் நின்று ஒரு கிளாஸ் டீயை முழுசாகக் குடித்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது என்று ஒரு தடவை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் மழையில்லை என்பதைப் போலச் சொன்னார்.

மத்தியானம் பாப்பா அவருடைய இடது கையில் தலை வைத்துத்தான் தூங்குவாள். கையை எடுத்தால் விழித்துக்கொள்வாள். ஒரு நாள் பால் தீயும் வாசனை வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் மரத்துப்போன கையோடு அசையாமல் கிடந்தார். கண்ணால் எனக்கு அடுப்பைக் காட்டினார். நான் அணைத்தேன். உதட்டை மட்டும் அசைத்து, “தேங்ஸ்” என்றார்.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் அந்த அக்கா வீடியோ காலில் வந்தார். அண்ணனுடைய போனில் காதுப்பக்கம் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எனக்கும் எல்லாம் கேட்டுவிடும். பாப்பாவுக்கு விசா வந்துவிட்டது. அக்காவின் தங்கைக்கும் அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வைகாசியில் அவள் கிளம்பும்போது பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரே ஒரு தடைதான். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில், டயப்பர் கட்டுகிற பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்.

“ஏங்க, ஒண்ணுக்கு வந்தா அவ சொல்லணும், அவ்வளவுதான். அத மட்டும் பழக்கிருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன். அம்மான்னா போனுக்குள்ள இருக்குறவன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க என் பிள்ள.”

“பழக்கிருவோம். நாளைக்கே சாமான் சேக்க ஆரம்பிச்சிர்றேன்.”

தங்கையோடு போகாவிட்டால் விசாவின் கெடு முடிந்துவிடும். திரும்ப விண்ணப்பித்து வாங்க ஒரு வருசத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினார். பாப்பா இடுப்பில் இருந்தாள்.

“தம்பி, நீங்க படிச்சவரு. இதுக்கு என்னென்ன வேணும்னு இங்கிலீசுல போட்டிருப்பான்ல, பாத்துச் சொல்லுங்க.”

மீமிசல் பக்கம் கருவாடு காயவைக்கிற குடும்பம் என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ‘படிச்சவரு’ என்று யாராவது சொன்னால் என் முதுகு தானாக நிமிரும். அன்று பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, போனில் தேடித் தேடிப் படித்து, பதினான்கு சாமான்களின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். குழந்தை உட்காரும் கக்கூஸ் நாற்காலி. பெரிய கக்கூஸ்மேல் பொருத்துகிற வளையம். ஏறி நிற்கச் சின்ன முக்காலி. கெட்டியான பருத்தி ஜட்டி ஒரு டஜன். சுலபமாகக் கழற்றும் கால்சட்டை. ரப்பர் சீட்டு. ஈரத்தாள். பாராட்டுவதற்கு ஒட்டும் ஸ்டிக்கர். படக்கதைப் புத்தகம். தண்ணீர் ஊற்றினால் ஒண்ணுக்குப் போகிற பொம்மை.

“பொம்மையுமா?”

“முதல்ல பொம்மைக்குச் சொல்லிக் குடுக்கணுமாம்ணே. அதப் பாத்துப் பிள்ள கத்துக்குமாம்.”

“அந்தப் பொம்மைக்கு யாரு சொல்லிக் குடுக்குறது?” என்று சிரித்தார். ஆனால் பட்டியலிலிருந்து அதை அடிக்கவில்லை.

“இந்த வளையம் தேவையில்லண்ணே. நம்ம வீட்டுல தரையோட இருக்குற கக்கூஸுதானே?”

“எழுதிட்டீங்கல்ல. வாங்குவோம். ஒண்ணு கொறஞ்சாலும் அப்புறம் சங்கடம்.”

கீழராஜவீதிப் பிளாஸ்டிக் கடைக்கு என் பைக்கில் மூன்று பேரும் போனோம். கடைக்காரர் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“பாப்பாவோட அம்மா வரலீங்களா? அவுங்க வந்தா கரெக்டா பாத்து எடுப்பாங்க.”

“அம்மா குவைத்துல. நான்தான் வந்திருக்கேன், காட்டுங்க.”

“ஆம்பள ஆளு இது வாங்க வந்து நான் பாத்ததில்ல” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் பரணிலிருந்து இறக்கினார். வாத்து மாதிரி ஒன்று, கார் மாதிரி ஒன்று. பாப்பா வாத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். “ஹேய், ஹேய்” என்று அதை ஓட்டினாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாத்தின் கழுத்தில் பிசிறு இருக்கிறதாம், பிள்ளைக்குக் கீறிவிடுமாம். மாற்று வர ஒரு வாரமானது. ஜட்டி வந்தது. எலாஸ்டிக் வயிற்றில் பதிகிறது என்று பன்னிரண்டையும் தையற்காரரிடம் கொடுத்துத் தளர்த்தினார். படக்கதைப் புத்தகம் நம் ஊர்க் கடைகளில் இல்லை. ஆன்லைனில் சொல்லி வரவழைத்து, வந்ததும் அதற்கு அட்டை போட்டார். ரப்பர் சீட்டில் மருந்து வாடை வருகிறது என்று மொட்டைமாடியில் மூன்று நாள் காயப்போட்டார். வாரா வாரம் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் அடுக்கி, விரல் வைத்துப் பார்ப்பார். வாரா வாரம் ஏதாவது ஒன்று குறையும்.

பொம்மை கிடைக்கவே இல்லை.

வீட்டுக்காரம்மா தண்ணித்தொட்டி பார்க்க மேலே வந்தவர் அந்த அடுக்கைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“என்னய்யா இது, சீர்வரிசை கணக்கா பரப்பி வச்சிருக்க? நான் நாலு பிள்ளை வளத்தேன், ஒரு சாமான் வாங்கல. ட்ரவுசரக் கழட்டி வாசல்ல விட்டேன், அதுகளாப் பழகிருச்சு.”

“நீங்க நாலு வளத்தவங்கம்மா. எனக்கு இதான் மொதல்.”

“இந்தாளு, பிள்ள பெரிய மனுசி ஆகுற வரைக்கும் சாமான்தான் சேப்பான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். அது அவருடைய குணம் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

சித்திரை வெயில் தொடங்கியது. பாப்பாவுக்குத் தொடை இடுக்கில் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகிவிட்டது. டயப்பர் கட்ட வழியில்லை. ஒரு நாள் காலையில் டெஸ்டர் கேட்கப் போனேன். கதவு திறந்திருந்தது. குளியலறைத் தரையில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லுங்கி தொடைவரை சுருண்டிருந்தது. இரண்டு காலையும் நீட்டிப் பாதங்களைச் சேர்த்து வைத்திருந்தார். கணுக்காலின்மேல், அவரைப் பார்த்தபடி பாப்பா உட்கார்ந்திருந்தாள். அவருடைய இரண்டு கட்டைவிரலையும் பிடித்திருந்தாள். அவர் உதட்டைக் குவித்து மெல்ல, “உஸ்ஸ்ஸ்… உஸ்ஸ்ஸ்…” என்றார்.

நம் பக்கத்துப் பெண்கள் கைக்குழந்தையை இப்படித்தான் காலில் வைத்து ஒண்ணுக்கு இருக்க விடுவார்கள். ஒரு ஆண் அப்படி உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

“வந்துச்சு!” என்று பாப்பா கத்தினாள்.

“வந்துச்சா! என் சமத்து.” அப்போதுதான் என்னைப் பார்த்தார். காலில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. “புண்ணா இருக்கேன்னு சும்மா உக்கார வச்சேன் தம்பி. நேத்துலேர்ந்து அவளே கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வாரா.”

“அப்ப பழகிட்டாளாண்ணே? சாமானே வேணாமா?”

“இது சும்மா. இன்னும் முறையா ஆரம்பிக்கல.”

அதற்குப் பிறகு பாப்பா ஒரு தடவைகூடத் துணியை நனைக்கவில்லை. புண் ஆறியது. விளையாட்டுக்கு நடுவிலும் ஓடிவந்து, “அப்பா, ஒண்ணுக்கு” என்பாள். அவர் மிக்ஸியைப் போட்டபடி போட்டுவிட்டுப் போய்க் காலை நீட்டி உட்காருவார். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால் வருமுன், மறக்காமல் அவளுக்கு ஒரு டயப்பரை மாட்டிவிடுவார்.

“வேணாம்ப்பா. குத்துது.”

“கொஞ்ச நேரம்டா. அம்மா பேசட்டும். அப்புறம் கழட்டிரலாம்.”

அந்த அக்காவின் குரல் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். “இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்காளா? தேதி நெருங்குதுங்க.” இவர், “பழகிக்கிட்டு இருக்கா. ஒரு சாமான் மட்டும் வரணும்” என்பார். தாய்க்கு முன்னால் பிள்ளை நனைத்துவிட்டால் மரியாதையாக இராது என்று மாட்டுகிறார்போல என நினைத்துக்கொண்டேன். அத்தனை படித்த எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

நகராட்சித் தண்ணீர் வந்த ஒரு நாள். கீழே போய் இரண்டு குடம் பிடித்து வருவதாகச் சொல்லி, பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். போன் அடித்தது. நேரங்கெட்ட நேரத்தில் அந்த அக்காதான். நான் எடுப்பதற்குள் பாப்பா தொட்டுவிட்டாள். திரையில் அவர் நர்ஸ் உடுப்பில் இருந்தார். இடைவேளையில் எங்கோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார் போலிருந்தது.

“செல்லம்! ஐயோ, என்ன தம்பி, வெறும் ஜட்டியோட நிக்கிறா? நனைச்சிரப் போறா.”

“அதெல்லாம் நனைக்க மாட்டாக்கா. அண்ணன் தங்கமாப் பழக்கி விட்டுட்டாரு. மூணு வாரமாச்சு. இப்பல்லாம் அவளே வந்து சொல்லிட்டுத்தான் போறா.”

மார்க் சீட்டை வாசித்துக் காட்டுகிற மாதிரி சொன்னேன். அண்ணனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவர் தினமும் ஏங்குகிறவர் என்ற இரக்கமும் இருந்தது.

“மூணு வாரமாவா?” அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. “மூணு வாரமாவா தம்பி?” என்று இரண்டாவது தடவை கேட்டார்.

நான் நிமிர்ந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம், படியில், இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக அவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கயிற்றை அவிழ்க்கக் கை இல்லாமல் நின்றிருந்தார். போய் அவிழ்த்துவிட்டேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடங்களை இறக்கி வைத்தார். அதற்குள் போன் நின்றிருந்தது.

“சொல்லிட்டீங்களா?”

“அக்காவுக்கு ரொம்பச் சந்தோசம்ணே.”

“இருக்கும்.” முகத்தைத் துண்டால் துடைத்தார். “கெடு முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருந்துச்சு தம்பி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலையில் பதின்மூன்று சாமானும் அட்டைப் பெட்டியில் புதுசாகவே இருந்தன. வாத்தின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது.

“நான் வேணா திரும்பக் கூப்பிட்டு, தெரியாமச் சொல்லிட்டேன்னு…”

“என்னன்னு சொல்லுவீங்க? இன்னைக்கு மறந்துட்டா, மறுபடி நனைக்கிறான்னா?” லேசாகச் சிரித்தார். “விடுங்க. நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க. அவளும் பெத்தவதானே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்திருந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆவூர்ப் பக்கம் எங்காவது போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமே என்றுகூட ஒரு நாள் சொன்னேன். “போனு அங்கயும் அடிக்கும்ல?” என்றார்.

பாப்பாவின் பெட்டியை அடுக்குகிற அந்த ஒரு வேலையை மட்டும் அவர் செய்தித்தாள் விரிக்காமல் செய்தார். கையில் கிடைத்ததை எல்லாம் உள்ளே போட்டார். பத்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. மறதியாக விட்டதை நான்தான் எடுத்து வைத்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். வண்டியில் வரும்போதே பாப்பா அவருடைய இடது கையில் தூங்கிவிட்டாள். கொழுந்தியாள் வரிசையில் நின்று காகிதங்களைக் காட்டும்வரை அவர் தோளை அசைக்கவில்லை.

“எழுப்பிச் சொல்லிருங்க மச்சான். முழிச்சா தேடுவா” என்றாள் அவள்.

“சொன்னா வர மாட்டா.”

பாப்பாவின் விரல்களை மெல்லப் பிரித்து எடுத்து, கொழுந்தியாளின் தோளுக்கு மாற்றினார். பாப்பா விழிக்கவில்லை. காவலர் கதவை நோக்கிக் கையைக் காட்டினார். கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒரு நாள் வற்புறுத்தி டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பாதி கிளாஸ் குடித்ததும் மணி பார்த்து, “வாரேன் தம்பி” என்று கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டில் யாரும் இல்லை. பலகையையும் அவர் எடுக்கவில்லை. தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சாயங்காலம் நான் அவர் வீட்டில் இருந்தபோது அந்த அக்கா கூப்பிட்டார். வீடியோ இல்லை, குரல் மட்டும். பின்னால் பாப்பா அழும் சத்தம்.

“ஏங்க, எங்கிட்ட சொல்லவே மாட்டேங்கிறா. சேர்ல உக்கார வச்சா துள்ளிக் குதிச்சு ஓடுறா. வளையம், ஸ்டிக்கர், எல்லாம் வாங்கிட்டேன். அடக்கி அடக்கி வச்சிருந்து படுக்கையில போயிர்றா. காப்பகத்துல ரெண்டு தடவ கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா சேக்க மாட்டாங்களாம். நானும் தங்கச்சியும் ஒரே ஷிப்டு, யாருகிட்ட விடுறது? திருப்பி அனுப்புறதத் தவிர வேற வழி தெரியல.” மூக்கை உறிஞ்சினார். “அங்க நீங்க என்னதாங்க பண்ணுவீங்க?”

அவர் போனைத் தள்ளிப் பிடித்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெரியலன்னு சொல்லிருங்கண்ணே, தெரியலன்னு ஒரே ஒரு வார்த்தை போதும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். அது வெறும் அழுகை இல்லை. அடக்கிக்கொண்டு அழுகிற அழுகை. எனக்கே தெரிந்தது.

“அந்தச் சேர எடுத்து அங்கிட்டு வையி” என்றார். “குளிக்கிற ரூம்ல தரையில உக்காரு. முதுகச் சுவத்துல சாச்சுக்க.”

“ம்.”

“ரெண்டு காலையும் நீட்டு. பாதத்தச் சேத்து வையி. அவளத் தூக்கி, கணுக்கால் மேல, ஒன்னையப் பாத்தாப்புல உக்கார வையி.”

“எங்கம்மா தம்பிக்கு இப்படித்தான் வைப்பாங்க. அது கைப்பிள்ளைக்குல்ல? இவ கனத்துக்குக் கால் தாங்குமா?”

“தாங்கும். கட்டைவெரல அவ கையில குடு. போனத் தூக்கி அவ பக்கத்துல வையி.”

கொஞ்ச நேரம் விசும்பல் மட்டும் கேட்டது. அவர் போனை வாயருகில் கொண்டு போனார். உதட்டைக் குவித்தார்.

“உஸ்ஸ்ஸ்… உஸ்ஸ்ஸ்…”

விசும்பல் நின்றது. அங்கே ஏதோ கேட்டது. பிறகு அந்த அக்கா, “ஏங்க! ஏங்க, என் கால் மேல…” என்று சிரித்து, சிரிப்பிலேயே அழுதார். அதற்கும் மேலே ஒரு சின்னக் குரல், “அப்பா, வந்துச்சு” என்றது.

“வந்துச்சாடா. சமத்து.” போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “கழுவி ஈரத்த நல்லாத் தொடச்சு விடு. இடுக்குல பவுடர் போடு. தினமும் ஒரு மூணு நாலு தடவ இப்படி உக்காந்தா போதும். அப்புறம் அவளே ஒங்கையப் புடிச்சு இழுப்பா. வச்சிர்றேன்.”

போனைத் தரையில் வைத்தார். எப்போது உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பாதங்களைச் சேர்த்து வைத்திருந்தார். நான் போய் அவருடைய அடுப்பில் உலை வைத்தேன். அரிசி வெந்து, வடித்து இறக்கும்வரை அவர் அந்தக் கால்களை மடக்கவில்லை.